மணிக்கட்டில் வைத்த மருந்து

தேவி,

இதை உன்னிடம் நேரில் சொல்லலாம்தான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறாய். ஆனால் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எனக்கு முதலில் கோபம் வரும், அதைப் பார்த்து உனக்கு வரும், அப்புறம் உங்கம்மா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். உன் புத்தியும் என் புத்தியும் ஒரே அச்சு. அதனால்தான் மத்தியான வியாபாரம் ஓய்ந்த பிறகு, மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மார்க்கெட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு அது ஒரு வசதி.

நேற்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மாப்பிள்ளையிடம் போனில் பேசினாய். நான் ஒட்டுக்கேட்கவில்லை, உன் குரல் அப்படி. வைத்திக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். "நைனாவ இந்த நெலமையில வுட்டுட்டு நான் எப்படிங்க வர்றது? டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்றாய். அப்புறம் என்றால் எப்போது, கண்ணு? கல்யாணமாகி வருஷம் திரும்பப் போகிறது. அவர் பாரிஸ் பக்கத்தில் தனியாகச் சமைத்துத் தின்கிறார், நீ இங்கே விசாவுக்காக வெள்ளைக்காரன் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றாய். அந்த விசா கையில் வந்திருக்கிற நேரத்தில் என் நெஞ்சு குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். என்ன நிலைமை, எந்த நிலைமை என்று நீ சொல்கிறாயே, அதை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும். மீதி நான் ஆஸ்பத்திரி மேஜையில் படுத்திருந்தபோது நடந்தது.

உன் கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு எனக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்துவிட்டது. ஐஸ் பெட்டியைத் தூக்கினால் மூச்சு நின்று நின்று வந்தது. தாடையில் ஒரு வலி, தோளில் ஒரு இழுப்பு. கல்யாண அலைச்சல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன். டவுனில் எந்த டாக்டரிடம் போனாலும் உங்கம்மா காதுக்கு வந்துவிடும் என்று தவளக்குப்பம் வரைக்கும் பஸ் ஏறிப் போய் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தேன். அந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போங்க" என்றார். நான் அன்றைக்குப் போகவில்லை. நாலு நாள் கழித்து, கடலூர் துறைமுகத்தில் சரக்கு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடை ஆறுமுகத்தை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

அந்த முதல் தடவையை நீ பார்க்கவில்லை. ரத்தக்குழாயில் மெல்லிய டியூபை விட்டு நெஞ்சுவரைக்கும் கொண்டுபோய்ப் படம் எடுப்பார்கள். தொடை வழியாகத்தான் செய்வார்கள் என்று ஆறுமுகம் பயமுறுத்தியிருந்தான். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வாலிபத்திலிருந்து ஊதிய பீடி இரண்டு காலுக்கும் போகிற குழாயை அடைத்து வைத்திருந்தது. இடது மணிக்கட்டிலோ சின்ன வயசில் கத்தி பட்ட தழும்பு, அங்கே நாடித் துடிப்பே சரியாக இல்லை. வலது கையை இறுக்கி மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடித்து, பிறகு திறக்கச் சொல்லி ஒரு பக்கத்தை மட்டும் விட்டார். வெளுத்துப்போயிருந்த உள்ளங்கை மறுபடி சிவந்தது. ஒரு குழாய் போனாலும் இன்னொன்று கைக்கு ரத்தம் கொடுக்கும், பயமில்லை என்றார். சரி, எவ்வளவோ பார்த்தாயிற்று, இது என்ன என்று கையை நீட்டினேன். உள்ளே விட்ட டியூப் முழங்கையைத் தாண்டவில்லை தேவி. என் கை அதைக் கவ்விக்கொண்டது. முன்னே தள்ளவும் முடியவில்லை, பின்னே இழுக்கவும் முடியவில்லை. நண்டு கொடுக்கால் பிடித்த மாதிரி எலும்போடு ஒரு வலி. பல்லைக் கடித்தேன், கத்தினேன், டாக்டரை என்னவெல்லாமோ சொல்லித் திட்டினேன். அந்த டாக்டர் பையன் முகம் சுளிக்காமல் ஊசி போட்டு, காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தான். படமும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் சோறு போடும்போது நீ என் கையைப் பார்த்தாய். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கன்றி நீலமாக இருந்தது. "இன்னா நைனா இது?" என்றாய். "ஐஸ் பெட்டி வுழுந்துடுச்சு" என்றேன். "ஐஸ் பெட்டி ஊசி குத்துமா?" என்று கேட்டாய் பார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் தப்ப முடியாது என்று. ஆறுமுகத்தை வரவழைத்து நீ விசாரித்த விசாரணையில் அவன் காபியைக் கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். உங்கம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். நீ அழவில்லை. மறுநாள் காலையில் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய்.

டாக்டர் உன்னிடம்தான் பேசினார், என்னிடம் பேசிப் பயனில்லை என்று கண்டுகொண்டார் போலும். "அப்பாவோட ஆர்ட்டரி சின்னதும்மா, தொட்டாலே சுருங்குது. கை ஆறினதும் அதே கையில இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். அதுவும் முடியலன்னா சென்னைக்கு அனுப்பி வேற வழி பாக்கணும்" என்றார். எனக்கு வந்ததே ஒரு வீம்பு. இந்தக் கை ஒரு தடவை பட்டது போதும், சென்னைக்கும் போகமாட்டேன், எங்கேயும் போகமாட்டேன், மீனோடு மீனாக ஐஸில் கிடந்து போகிறேன் என்று கத்தினேன். நீ சிரிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாய்: "ஏலத்துல ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லிட்டு மூணாவது தரம் சொல்லாம எந்த ஊர்லயாவது முடிப்பாங்களா நைனா? நீ ரெண்டாவது தரத்துக்கே வரலியே." டாக்டர் சிரித்துவிட்டார். மீன்காரனை மீன்காரன் பேச்சாலேயே மடக்குகிற பெண்ணை என்ன செய்வது? அதே கை, ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவை, அதோடு சரி என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு தடவையில்தான் எல்லாம் இருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் அவர் அந்தக் களிம்பைப் பற்றிச் சொன்னார். கையில் குத்துவதற்கு முன்னாலேயே மணிக்கட்டின் மேல் அதைத் தடவி மூடி வைத்தால், மருந்து தோல் வழியாக இறங்கிக் குழாயை விரித்துக் கொடுக்குமாம், குழாய் டியூபைக் கவ்வாதாம். கூடவே மரத்துப்போகிற களிம்பும் உண்டு. எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை, செய்து பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், உங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். பேர் என்ன என்று கேட்டாய். நைட்ரோகிளிசரின் என்றார், பாறை உடைக்கிற வெடியிலும் இதுதான் இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். "ஐயோ, கையில வெடி வைக்கப் போறீங்களா?" என்று உங்கம்மா எழுந்தே விட்டாள். அவளை உட்காரவைத்துப் புரியவைக்க நீ பட்ட பாடு!

கை ஆறி, குறித்த நாளும் வந்தது. காலையிலேயே கட்டிலில் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு மணிக்கட்டில் கொஞ்சமே கொஞ்சம் களிம்பை வைத்து, மேலே கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக்கை ஒட்டினாள். "அப்படியே விட்டுடுங்க ஐயா, கையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, களிம்பு டியூபை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நீ பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனாய். இப்போது உங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீராம்பட்டினத்துக்காரி. அப்பனும் அண்ணன் தம்பிகளும் வலை இழுத்துவிட்டு வந்தால், அவர்களின் தோளிலும் முழங்கையிலும் தைலத்தைப் போட்டுத் தோல் சூடாகும்வரை அரக்கித் தேய்த்து வளர்ந்த கை அவளுடையது. அவள் அகராதியில் தேய்க்காத மருந்து மருந்தே கிடையாது. பிளாஸ்டிக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாவம், அந்தப் பொண்ணுக்கு எத்தினி பேரப் பாக்கணும், ஒரு பொட்டு வச்சுட்டு ஓடுது. தேய்க்க அதுக்கு ஏது நேரம்? நாமதான் பாத்துக்கணும்" என்றாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சிஸ்டருக்கு உதவி செய்கிறாள்!

பிளாஸ்டிக்கை உரித்து ஒழுங்காக மடித்து வைத்தாள். டியூபை எடுத்துத் தாராளமாகப் பிதுக்கினாள். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை, தோள்வரைக்கும் தேய்தேய் என்று தேய்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. கொஞ்ச நேரத்தில் முகம் குப்பென்று சூடானது. மண்டைக்குள் உலக்கை விழ ஆரம்பித்தது. "இன்னாங்க, எனக்கு தல வெடிக்குதுங்க" என்று உங்கம்மா சொல்வது எங்கேயோ தூரத்தில் கேட்டது. வெறுங்கையால் தேய்த்தாள் இல்லையா, பாதி மருந்து அவள் உள்ளங்கை வழியாக அவளுக்குள்ளேயே போயிருந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ காபியோடு உள்ளே நுழைந்தபோது பார்த்த காட்சி அதுதான். நீ போட்ட சத்தத்தில் வார்டே திரண்டது.

எங்கள் இரண்டு பேருக்கும் கையைத் துடைத்துக் கழுவி, காலைத் தூக்கிவைத்து, எனக்கு டிரிப் ஏற்றினார்கள். என் பிரஷர் தரையில் கிடந்ததாம். டாக்டர் வந்தார். முதலில் எரிந்து விழுந்தார், டியூபை அங்கே வைத்துவிட்டுப் போனதற்கு சிஸ்டருக்கும் வசவு விழுந்தது. அப்புறம் பக்கத்துக் கட்டிலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த உங்கம்மாவைப் பார்த்து, "ஒரு பேஷண்ட் கேட்டேன், ரெண்டு பேர் வந்துட்டீங்க" என்றார். இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கம்மா என் பக்கம் திரும்பாமலே அழுதாள். "என் கையாலேயே கொன்னுட்டு இருப்பேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. இரண்டாவது தரமும் ஆயிற்று, விதி இவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம் என்று டிரிப் இறங்கியதும் எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினேன், காணோம். நீ கதவில் சாய்ந்து நின்றாய். "செருப்பு என் பையில கீது. வெறுங்காலோட தார் ரோட்டுல போறதுன்னா போ நைனா. நான் தடுக்கல" என்றாய். சித்திரை வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்தேன். உலகத்தில் யாருக்காவது நான் பயந்திருக்கிறேன் என்றால் அது அன்றைக்கு உனக்குத்தான்.

மறுநாள் அதே சிஸ்டர் வந்தாள், அதே களிம்பு, அதே பிளாஸ்டிக். இந்தத் தடவை டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நகர்ந்தாள். நீ உங்கம்மாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய இரண்டு கையையும் உன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாய். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைமேல் ஈ உட்கார்ந்தால்கூட அவள் விரல் துடித்தது, ஓட்டிவிட வேண்டும் என்று. நீ விடவில்லை. "சும்மா இரும்மா, மருந்து தானா வேல செய்யும்" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாய். அவளும் தலையை ஆட்டினாள், கண்ணில் தண்ணீர் விட்டாள், ஆனால் கையை இழுக்கவில்லை. ஒருத்தருக்காக ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அரைமணியில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ குடித்தனம் பண்ணப் போகிற இடத்தில் இது உனக்கு வேண்டியிருக்கும் தேவி. மாப்பிள்ளை வேலையில் நொந்து வருவார், முகம் கொடுத்துப் பேசமாட்டார். உன் உடம்பில் ஓடுவது உங்கம்மா ரத்தம், உடனே போய்க் கிண்டிக் கிளறி என்ன ஏது என்று தேய்க்கத் தோன்றும். கொஞ்சம் விட்டுப் பார்.

மேஜையில் படுத்ததும் டாக்டர் மணிக்கட்டில் விரலை வைத்தார். "ஐயா, இன்னைக்கு நல்லாத் துடிக்குது" என்றார். குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. கவ்வப் போகிறது, இப்போது கவ்வப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். "எப்ப சார் உள்ள வுடுவீங்க?" என்று கேட்டேன். "நெஞ்சுக்கே வந்தாச்சு ஐயா, அங்க பாருங்க" என்றார். பக்கத்துத் திரையில் என்னுடைய இருதயம் ஆடிக்கொண்டிருந்தது. கொடிகொடியாகக் குழாய், அதில் ஓரிடத்தில் நூல் அளவுக்கு இறுகிக் கிடந்தது. அந்த இடத்தைக் காட்டி, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழுசாக மூடியிருக்கும் என்றார். உள்ளே பலூனை ஊதியபோது நெஞ்சு ஒரு முறை பிசைந்தது, அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்ததும் அந்த நூல் கயிறானதை நானே கண்ணால் பார்த்தேன். அழுதேன் தேவி, வெட்கமில்லாமல் அழுதேன். சிஸ்டர்தான் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே எழுந்து நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் தொடை வழியாகச் செய்துகொண்டவர் காலை மடக்கக்கூடாது என்று கட்டைபோல் கிடந்தார், அவர் எதிரில் நான் வேண்டுமென்றே இரண்டு தடவை குறுக்கே நடந்தேன். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்ததால் உங்கம்மா இட்லியைப் பிட்டு ஊட்டினாள். ஊட்டுகிற சாக்கில் என் கையைத் தொடவே இல்லை, பார்த்தாயா? பாவம், அவ்வளவு பயம்.

நீங்கள் காட்டிய அன்புதான் என் குழாயைத் திறந்தது என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அது பொய். திறந்தது மருந்து. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் எந்த ஊரோ, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். திட்டு வாங்கியும் முகம் கோணாமல் மறுபடி வந்த டாக்டர், வசவு வாங்கியும் என் கண்ணைத் துடைத்த சிஸ்டர், பொய்க்குத் துணை வந்த ஆறுமுகம், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உங்கம்மாவையும்தான். தன் உள்ளங்கை வழியாக என் மருந்தைக் குடித்து என்னோடு சேர்ந்து விழுந்தாள், வேறு யார் விழுவார்கள்? ஆனால் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் நான் அந்தக் கட்டிலில் இருக்க வேண்டும். என்னை அங்கே இருக்கவைத்தது நீ. உனக்கு நன்றி சொல்ல எனக்கு நேரில் வாய் வராது. இங்கே சொல்லிக்கொள்கிறேன், நன்றி கண்ணு.

நிலைமை இதுதான். காலையும் மாலையும் கடற்கரையில் நடக்கிறேன். பீடியை விட்டுவிட்டேன், நம்பாவிட்டால் ஆறுமுகத்தைக் கேள், அவனை நீ கேட்டால் அவன் பொய் சொல்லமாட்டான். மாத்திரையை உங்கம்மா நேரம் தவறாமல் நீட்டுகிறாள். ஐஸ் பெட்டியைத் தூக்க ஆள் வைத்துவிட்டேன். டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு, இனி இவ்வளவு சீக்கிரம் வரவேண்டாம் என்று சொன்னதை நீயும்தானே கேட்டாய்? அப்புறமும் நீ இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய்? நான் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று வந்து வந்து பார்ப்பாய். பார்க்கிறாய், எனக்குத் தெரியும். நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன்.

அதனால் இன்று காலை நீ கோயிலுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். அங்கே விடியக்கூட இல்லையாம். தூக்கக் கலக்கத்தில் பிரெஞ்சும் தமிழுமாக "சவா, மாமா? உடம்பு எப்படி இருக்கு?" என்று பதறினார். "எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. டிக்கெட் என்ன ஆச்சு?" என்றேன். "தேவி சொல்லிச்சு மாமா, ஆனா எனக்கு மனசு வரல, இன்னும் கேன்சல் பண்ணல" என்றார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீயே ஓடியிருப்பாய். "பண்ணாதீங்க. பொண்ணு வருது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ மாட்டேன் என்பாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா?

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னோடு பேசாதே, சோறு போடும்போது தட்டை நங்கென்று வை, உங்கம்மாவிடம் என்னைப் பற்றிப் புகார் சொல். ஆனால் என் நெஞ்சைக் காரணம் காட்டி இங்கே உட்கார்ந்துவிடாதே, அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நான் பிழைத்து எழுந்தது உன்னைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இல்லை. அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறு, கண்ணு. அங்கே இறங்கியதும் போன் போட்டு வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. எடுத்துப் பேச நான் இருப்பேன்.